ஐம்பதாவது நாள்

புதிய மலர்வகை ஒன்று பதிவேறும்போது தாய்ச் செடியின் பெயரை எழுதுகிறார்கள், தந்தைச் செடியின் பெயரை எழுதுகிறார்கள், உருவாக்கியவர் என்ற கட்டத்தில் பட்டம் பெற்ற ஒருவரின் பெயரை எழுதுகிறார்கள்; நிதி கொடுத்த அமைப்புக்கும் அடியில் ஒரு வரி உண்டு. பனி இறங்கிய காலை எட்டரை மணிக்குக் குனிந்து நின்று, ஒரு பூவின் மகரந்தத்தைக் கிள்ளி எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைத்தவளுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. இந்தக் கதையில் அவள் பெயர் தங்கேஸ்வரி. கோத்தகிரிக்கு மேலே வெள்ளிமேடு மலர்ப் பண்ணையில் பதினொரு ஆண்டுகளாகத் தினக்கூலி. அக்டோபர் மூன்றாம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு அவள் மூன்றாம் பாத்தியின் ஓரத்தில், மடித்துப் போட்ட சாக்கின்மேல் முழங்காலை ஊன்றி, களை பறிப்பவளைப்போல் அமர்ந்திருந்தாள். பறிக்கக் களை எதுவும் மிச்சமில்லை. கைக்கொத்தை மண்ணில் குத்தி வைத்துவிட்டு, அன்று காலையில் நான்காவது முறையாக, அந்த ஒற்றைக் காயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெல்ல அமுக்கினாள்.

காய் விரலைத் திருப்பித் தள்ளியது. முற்றாத காய் அப்படித்தான், உள்ளே ஈரம் இருக்கும்வரை அதற்கு ஒரு முறைப்பு இருக்கும். முற்றிய காய் விரலுக்கு இடம் கொடுக்கும், காய்ந்த காகிதம் மடங்குவதுபோல் ஒரு சத்தம் வரும், மூன்று பட்டைகளும் கூடுகிற நுனியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விட்டிருக்கும், அன்றைக்கே வெட்ட வேண்டும், விட்டால் மறுநாள் வாயைப் பிளந்து விதையை மண்ணில் கொட்டிவிடும், பிறகு கறுத்த மண்ணில் கறுத்த விதையைத் தேடிப் பொறுக்க வேண்டியதுதான். இது இன்னும் பச்சை. பச்சைகூட இல்லை, ஒரு வாரமாகப் பச்சையிலிருந்து எங்கோ போகப் பார்த்து, போகாமல், மழைத்தண்ணீர் நின்ற குட்டையின் நிறத்தில் நிற்கிறது. இன்னும் பன்னிரண்டு நாள். வெயில் அடித்தால் பத்து. வெயில் எங்கே அடிக்கிறது. ஒரு நாள் முன்னால் வெட்டினால் பாதகமில்லை, இரண்டு நாள், போகட்டும், மூன்று நாள்கூட; பன்னிரண்டு நாள் முன்னால் வெட்டினால் உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதை நினைக்க வேண்டாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு மேடம் வருவார். மேடம் என்றால் டாக்டர் சுகிர்தா, பண்ணையின் தலைமை ஆராய்ச்சியாளர். கூட நான்கு பேர், நிதி தருகிற இடத்திலிருந்து, ஒருவர் கழுத்தில் கேமரா. அவர்கள் முன்னால் இந்தக் காயை வெட்டிப் பிளந்து காட்ட வேண்டும். ஏன் இன்றைக்கு என்றால், காயில் கட்டிய அலுமினியச் சீட்டில் ஆகஸ்ட் 14 என்று இருக்கிறது, ஆகஸ்ட் பதினான்கிலிருந்து இன்றைக்கு ஐம்பது. கொட்டகைச் சுவரில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறது: காய் அறுவடை, 50 நாள். மேடம் படித்த ஊரில் வெயில் இருந்தது, அங்கே ஐம்பது நாளில் முற்றியது, அவர் அளந்து எழுதினார், அது பொய்யில்லை. அந்த ஐம்பதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்ததுதான் பிழை. அந்தப் பிழையைத் திருத்தும் அதிகாரம் இந்த மலையில் பனிக்கு இல்லை, தங்கேஸ்வரிக்கும் இல்லை. ஐம்பது. சுவரில் அந்த ஐந்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், பூச்சியம் முட்டை மாதிரி. எழுதியது போஜராஜ், பண்ணை மேற்பார்வையாளர். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது தங்கேஸ்வரி.

"என்னடி, அதுகிட்ட ரகசியம் பேசறியா?" பிலோமி அடுத்த பாத்தியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "பேசுனா பழுத்துருமா? எம் மாமியார்கிட்டயும் பேசிப் பாரேன், இருபது வருசமா கல்லாட்டம் கெடக்கு." தங்கேஸ்வரி சிரித்தாள், சிரிப்பு வாயோடு நின்றது. "முத்தல பிலோமி." "முத்தலைன்னா ஒனக்கென்ன? வெட்டச் சொன்னா வெட்டு. போன வருசம் என்னாச்சு?" போன வருசம் என்னாச்சு. பிலோமி அதைச் சும்மா கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டாள். போன வருடம் பதினோரு காய், எல்லாம் ஐம்பதாவது நாளில் வெட்டி, காகிதக் கப்பில் போட்டு, உலர்த்தும் அறையில் வரிசையாக வைத்தார்கள். அறையிலேயே காய்கள் பழுப்பாகின, அறையிலேயே வெடித்தன, பார்த்தவர்கள் முற்றிவிட்டது என்று மகிழ்ந்தார்கள். பிணத்துக்கும் நிறம் மாறும். ஜனவரியில் விதைத்தார்கள், ஒன்றும் முளைக்கவில்லை. மேடம் ஓர் அறிக்கை எழுதினார், ஆங்கிலத்தில், கடைசிப் பக்கத்தில் தொழிலாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று போஜராஜ் கொண்டுவந்தான், போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ப்ளஸ் டூ படிக்கிற மகள் அந்த நகலைப் படித்துச் சொன்னாள்: கை கழுவாமல் கையாண்டதால் பூஞ்சை தாக்கியது, தொழிலாளர் கவனக்குறைவு. "நீ கையெழுத்துப் போட்ருக்கம்மா." ஆமாம், போட்டிருக்கிறாள், பெயரின் கடைசி ரி-யின் சுழி அழகாக வந்திருக்கிறது. ஆனால் அதைவிட உறுத்துவது வேறு. வெட்டிய அன்று பதினோரு காய் இல்லை, பன்னிரண்டு. ஒன்று அவள் கையிலிருந்து நழுவி அவள் பூட்ஸுக்கு அடியிலேயே போயிற்று. எடுத்துப் பார்த்தாள். உள்ளே ஊறிய அரிசிபோல் வெள்ளையாக, நசுங்கிய இடத்தில் பால் கசிந்துகொண்டு. கருப்பாக இருக்க வேண்டியது. அவள் அதைச் சொல்லவில்லை. காயை மிதித்ததற்குத் திட்டு விழும் என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள், அதன் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் மற்ற காய்களை வெட்டாமல் விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள். விட்டிருப்பார்களோ என்னவோ. அது தெரியாமல் போனதுதான் ஓராண்டாக நெஞ்சில் கிடக்கிறது, மீன்முள் மாதிரி, விழுங்கும்போது மட்டும் தெரிகிற இடத்தில்.

பத்து மணிச் சங்கு கீழே தேயிலை ஃபேக்டரியில் ஊதியது. சங்கு ஊதினால் அவளுக்கு எப்போதும் ஆறு வயதில் கப்பலில் கேட்ட சங்கு நினைவு வரும், அதற்கு இது பரவாயில்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பும் கடுதாசியில் தேதி வந்துவிட்டது என்று அப்பா சொன்னார், பத்தொன்பதாம் தேதி, மஸ்கெலியாவிலிருந்து பஸ், பிறகு ரயில், தலைமன்னார், கப்பல். லயத்து வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த போஞ்சி அப்போதுதான் காய் வைத்திருந்தது. இங்கே பீன்ஸ் என்கிறார்கள். கொடியில் இருக்கட்டும், யாராவது தின்னட்டும் என்று அப்பா சொல்ல, "நான் தண்ணி ஊத்துனதை எவளோ திங்கறதா?" என்று அம்மா அத்தனையையும் உருவினாள், பிஞ்சும் காயுமாக, போகிற ஊரில் விதைக்கு ஆகும் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். மண்டபம் முகாமில் எட்டாம் நாள் அவிழ்த்தபோது நாற்றம் முதலில் வந்தது. அம்மா ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தாள். "விதைன்னு நெனச்சு வெறுந்தோலைச் சொமந்திருக்கேன்" என்று சொன்னாள், அழவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் வரிசையில் நின்றாள். அம்மாவின் பேராசை என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் பேராசை ஒரு முந்தானை அளவு. தேதி குறித்தவன் யார் என்று அப்பா ஒரு நாளும் கேட்கவில்லை. காயும் கணக்கும் ஒன்றாகப் போனால் நல்லது, போகாதபோது எதை மாற்றுவது? கணக்கைத்தான் மாற்ற வேண்டும், காயை மாற்ற முடியாதே. இதைச் சொல்வதற்கு ஒரு டிகிரி வேண்டுமா? போன வாரம் சொல்லித்தான் பார்த்தாள். "மேடம், இந்தக் காய்க்கு இன்னும் இருவது நாளாச்சும் ஆகும் மேடம்." "எதை வெச்சுச் சொல்றே?" "அமுக்கிப் பாத்தேன் மேடம். வெரலுக்குத் தெரியுது." மேடம் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை, கனிவாகச் சிரித்தார். "விரலை வெச்சு நான் பேப்பர் எழுத முடியாது, தங்கேஸ்வரி." பக்கத்தில் போஜராஜும் சிரித்தான், அவன் சிரிக்க வேண்டிய இடம் அது. வீட்டில் சொன்னபோது அவள் புருஷன் செல்லையா, "ஏன் புள்ள, அது வயித்துல நீயா மாசம் எண்ணுற?" என்றான். எண்ணுகிறாள்தான். முப்பத்திரண்டு பூ. அடர்சிவப்புப் பூவின் மேல் வெளிர்மஞ்சள் பூவின் மகரந்தம், முப்பத்திரண்டு காலைகளில் தொட்டு வைத்தாள், இந்தப் பூ ஒரு பகல்தான் நிற்கும், மாலையில் சுருண்டுவிடும், அன்று தவறினால் அந்தப் பூ தவறியதுதான், பெயரே டே லில்லி. முப்பத்தொன்று நான்கைந்து நாளில் மஞ்சளித்து உதிர்ந்தன. ஒன்று மட்டும் பிடித்தது. அந்தத் தாய்ச்செடி இதற்கு முன் எந்த வருடமும் காய் பிடித்ததில்லை. காம்பில் அடையாளத்துக்கு மெரூன் கம்பளி நூலைக் கட்டினாள், மகளின் பழைய பள்ளி ஸ்வெட்டரைப் பிரித்த நூல். வேலைக்காரிகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். யார் தொட்டு வைத்த காய் என்று நூலைப் பார்த்தால் தெரியும், அதாவது மற்ற வேலைக்காரிகளுக்குத் தெரியும்.

அவளுடைய முழங்காலுக்கு இடப்புறம், நாலடி தள்ளி, பாத்தியின் கரையில் ஓரத்து மஞ்சள் நின்றது. பண்ணை தொடங்குமுன்பே இந்த மேட்டில் இருந்த பழைய சாதி, கரை சரியாமல் இருக்க நட்டது, யாரும் எண்ணி வைக்காதது, தேனீக்களே பார்த்துக்கொள்ளும், சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் காய்க்கும். அதில் ஒரு காய் நுனியில் விரிசல் விட்டிருந்தது. காலையில் வந்ததும் பார்த்தாள். பார்த்ததும் அந்த எண்ணம் வந்துவிட்டது, வந்ததிலிருந்து அதன் மேல் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள், போனவருடக் காயின் மேல் போட்டதுபோல. பூ உதிர்ந்தபின் எல்லா டே லில்லியும் ஒன்றுதான், வாள்வாளாகத் தழை, நடுவில் ஒரு தண்டு. அடர்சிவப்பையும் ஓரத்து மஞ்சளையும் தழையை வைத்துப் பிரித்தறிய அவளுக்கும் பிலோமிக்கும் முடியும். மேடத்தால் முடியாது. மேடத்துக்குப் பூ தெரியும், இதழின் நிறத்துக்கு எண் தெரியும், பூ விழுந்த பிறகு செடியின் முன்னால் அவர் நின்றதில்லை. யார்தான் நின்றார்கள். சீட்டு ஒன்று, நூல் ஒன்று, செடியின் அடியில் ஊன்றிய பெயர்க்குச்சி ஒன்று. மூன்றையும் நாலடி நகர்த்தினால் போதும். மேடம் வெட்டுவார், கருப்பு விதை கொட்டும், படம் எடுப்பார்கள், போவார்கள். நிஜக் காய் சீட்டில்லாமல் இங்கேயே பன்னிரண்டு நாள் இருந்து முற்றும். பிறகு? பிறகு அவள் விதையைக் கொண்டுபோய் அலமாரியில் கப்பை மாற்றி வைத்துவிடுவாள், சாவி இருக்கும் இடம் தெரியும். ஏழெட்டு விதை. யாருக்கும் நட்டமில்லை. பொய்யா? பொய்தான். சுவரில் எழுதியிருப்பது மட்டும் என்னவாம். கண்டுபிடித்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும், மகளுக்கு நர்சிங் சேர வேண்டும், செல்லையாவுக்கு மரம் வெட்டுகிற வேலை வாரத்தில் மூன்று நாள், பதினொரு வருடம் தினக்கூலியாக இருந்தவளை அனுப்ப ஒரு வாய்வார்த்தை போதும். சும்மா இருந்தால்? சும்மா இருந்தால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை, காயை வெட்டுவார்கள், வெள்ளையாக இருக்கும், அதற்கும் ஒரு காரணம் எழுதுவார்கள், அவள் கையெழுத்துப் போடுவாள். ரி-யின் சுழி அழகாக வரும். விரல்கள் ஈரமாகச் சில்லிட்டிருந்தன, புடவையில் துடைத்தாள், மறுபடி சில்லிட்டன. பிலோமி தண்ணீர்க் குழாயை மாற்றக் கீழே போயிருந்தாள். பனிமஞ்சு ஏறிவந்து கொட்டகையை மறைத்தது, ஐம்பதும் மறைந்தது. அவள் நூலை அவிழ்த்தாள். முடிச்சு மழையில் இறுகியிருந்தது, பல்லால் கடிக்க வேண்டியிருந்தது, கம்பளி வாயில் ஆட்டு வாசனை அடித்தது. ஓரத்து மஞ்சளின் காம்பில் கட்டினாள், சீட்டைக் கோத்தாள், குச்சியைப் பிடுங்கி நட்டு, பழைய குழியைக் கட்டைவிரலால் அடைத்தாள். வேலை தெரிந்த கைகள், எந்த வேலையாக இருந்தாலும் ஒழுங்காகச் செய்துவிடுகின்றன.

ஜீப் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தது. நான்கு பேரும் மண்ணுக்குப் பழகாத காலணிகளில் நடந்து வந்தார்கள், போஜராஜ் முன்னால் வழி காட்டினான், மேடம் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். "இதுதானா?" "ஆமாங்க மேடம், நூல் கட்டியிருக்கு பாருங்க" என்று போஜராஜ் சொன்னான், தங்கேஸ்வரி சொல்லவில்லை, அந்த மட்டில் பொய்யை அவன் சொல்லிவிட்டான். மேடம் கத்தரியால் வெட்டி, காயை உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். காய்ந்த காகிதம் மடங்குகிற அந்தச் சத்தம் கேட்டது. ஒன்பது விதை, கருப்பாக, மினுமினுவென்று, கையில் உருண்டன. கேமரா வைத்திருந்தவர் இன்னும் கிட்டே என்றார். தங்கேஸ்வரிக்கு ஒரு மூச்சு இறங்கியது, காப்பாற்றியாயிற்று, நாலடி தள்ளி அது பச்சையாக நிற்கிறது, பன்னிரண்டு நாள், அவ்வளவுதான், பன்னிரண்டு நாள் மழை கனக்காமல் இருக்கட்டும். "சீட்டில் தேதியைப் பாருங்கள்" என்று மேடம் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "இன்று சரியாக ஐம்பதாவது நாள். சில பேருக்கு இதில் சந்தேகம் இருந்தது." அவர் தங்கேஸ்வரியைப் பார்த்துப் புன்னகைத்தார், அதில் குத்தல்கூட இல்லை. "நான்காம் பாத்தியிலும் ஐந்தாம் பாத்தியிலும் நாற்பது காய் இருக்கிறது. அடுத்த வாரம் இதே கணக்கில் அறுவடை செய்கிறோம்." இதே கணக்கில். தங்கேஸ்வரி முதலில் அதைச் சாதாரணமாகக் கேட்டாள், பிறகு அது உள்ளே போய் எங்கோ மாட்டிக்கொண்டது, நாற்பது காய், பிலோமியின் நீல நூல், மற்றவர்களின் பச்சை, வெள்ளை, நாற்பதும் அடுத்த வாரம், நாற்பதுக்குள்ளும் ஊறிய அரிசி. சுவரில் இருந்த ஐம்பதுக்கு இதுவரை சாட்சி இல்லை. இப்போது இருக்கிறது, ஒன்பது கருப்பு விதை, படத்தோடு. கொடுத்தது அவள். ஒரு காயை மறைக்கப் போய் நாற்பதுக்குத் தேதி குறித்துவிட்டாள். சொல்லலாம், பிறகு சொல்லலாம், இவர்கள் போனபின் தனியாக மேடத்திடம், பன்னிரண்டு நாள் கழித்து விதையோடு போய். அதற்குள் நாற்பதும் காகிதக் கப்பில் இருக்கும். இப்போது சொன்னால் நிஜக் காய் எது என்று கேட்பார்கள். கேட்டால் காட்ட வேண்டும். காட்டினால். போனவருடம் மண்ணைத் தள்ளியது வலது காலா, இடது காலா என்று அவள் யோசித்தாள், அது எதற்கு இப்போது, வலது கால்தான். "மேடம்" என்று யாரோ சொன்னார்கள், சொன்னது அவள்தான். "அது ஓரத்து மஞ்சள் மேடம். நூலையும் சீட்டையும் நாந்தான் மாத்திக் கட்டுனேன். நெசக் காய் இந்தா இருக்கு, இன்னும் முத்தல." போஜராஜ் பல்லுக்குள், "அக்கா, வாயை மூடுங்க" என்றான். மேடத்தின் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது, அதை எடுத்து வைக்க இடம் கிடைக்காதவரைப்போல. பிறகு, "அப்படியா? அதையும் பார்த்துவிடலாம்" என்று நாலடி நடந்து குனிந்தார். தடுக்க வேண்டும் என்று தங்கேஸ்வரி நினைத்தாள். கைக்கொத்தைப் பிடித்திருந்த கை எழவில்லை. கத்தரி ஒருமுறை மூடியது. காய் அமுக்கத்துக்கு அசையவில்லை, நகத்தால் கீற வேண்டியிருந்தது. உள்ளே ஏழு, வெள்ளையாக, ஒன்று நசுங்கி மேடத்தின் விரலில் பாலாக வழிந்தது. "ஏங்க இது வெள்ளையா இருக்கு?" என்று கேமராக்காரர் கேட்டார், கள்ளமில்லாத கேள்வி. "நாள் பத்தல சார்" என்று தங்கேஸ்வரி சொன்னாள்.

அடுத்த வாரம் நாற்பது காய்களை யாரும் வெட்டவில்லை. அவை அறுபதாம் நாளிலிருந்து அறுபத்தைந்தாம் நாள்வரை ஒவ்வொன்றாக நுனி விட்டன, பிலோமியும் மற்றவர்களும் தினமும் அமுக்கிப் பார்த்து வெட்டினார்கள், பெரும்பாலான விதைகள் முளைத்தன. சுவரில் ஐம்பதை அடித்துவிட்டு அறுபத்தைந்து என்று போஜராஜ் எழுதினான். ஏணியைப் பிலோமி பிடித்துக்கொண்டாள். உயரமான மலைப்பகுதியில் காய் முற்றக் கூடுதல் நாட்கள் ஆகின்றன என்று டாக்டர் சுகிர்தா ஒரு கட்டுரை வெளியிட்டார். அது நல்ல கட்டுரை, அதில் உள்ள எண்கள் சரியானவை, நன்றி சொல்லும் பகுதியில் நிதி அமைப்பின் பெயர் இருக்கிறது. அடர்சிவப்புச் செடி அதன்பின் எந்த ஆண்டும் காய் பிடிக்கவில்லை. தங்கேஸ்வரியை அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி, ஆய்வுப் பொருளைத் திருத்தியதற்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. அவள் இப்போது கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை நாற்றுப் பண்ணையில் பாலித்தீன் பைகளில் மண் நிரப்புகிறாள், ஒரு நாளைக்கு நானூறு பை. மகள் நர்சிங் சேரவில்லை, குன்னூரில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். வேலைக்குப் போகும் பேருந்து வெள்ளிமேட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. எட்டு ஆண்டுகளில் அவள் அங்கே ஒருமுறையும் இறங்கியதில்லை.